தொலைஞ்சா நின்ன இடத்துல நில்லு

கேட்கிற தூரத்தில்தான் இருப்பீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிற என் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள். இந்தக் கடிதத்தை நீங்கள் எந்த வரியில் நிறுத்தினாலும் அது மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று அதை முதலில் எழுதுகிறேன். வலது முழங்கைக்குக் கீழே கன்றிப்போன ஒரு தடம், இடது பாதத்தில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். இப்போது கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

நான்தான் சரியாக இல்லை. குக்கர் சத்தம் போட்டால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. அலுவலகத்தில் லிஃப்டுக்குள் நாலு பேர் சேர்ந்து ஏறினால் நான் இறங்கிப் படியில் போகிறேன். பியூலா ஒரு பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் எல்லோரிடமும் செல்லமாகச் சொல்வீர்களே, இப்போது செல்லமெல்லாம் இல்லை அப்பா, நிஜமாகவே அப்படி ஆகிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். உங்களைவிட்டால் யாரிடம் சொல்வது?

உங்க பசங்க வந்தார்கள்.

ஆமாம், அவர்களேதான். சனிக்கிழமை சாயங்காலம் நம் சேலையூர் வீட்டின் ஜன்னல் கண்ணாடி அதிர நீங்கள் போட்டுக் கேட்பீர்களே, அந்த ராக் குழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டை கட்டிக்கொண்டு சர்ச் கொயரில் கடைசி வரிசையில் நின்று அடிக்குரலில் பேஸ் பாடுகிற மனிதர், முந்தின நாள் சாயங்காலம் கறுப்பு டி-சர்ட்டில் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கீழ்வீட்டு ஆன்ட்டி எத்தனை தடவை விழித்திருக்கிறார்கள். உங்களைவிட வயதில் மூத்த வெள்ளைக்காரர்களை 'நம்ம பசங்க' என்றுதான் சொல்வீர்கள். அம்மா 'அந்த நாலு பரட்டைத்தலை' என்பாள். இப்போது அதில் இரண்டு பேருக்கு முழு வழுக்கை.

"பாட்டை மட்டும் கேக்காத பியூலா, அடியில என்ன ஓடுதுன்னு கேளு" என்று என் காதைப் பிடித்து ஸ்பீக்கர் பக்கம் திருப்புவீர்கள். எனக்கு அப்போது சத்தம்தான் கேட்டது. ஆனால் கேட்டுக் கேட்டு நானும் அந்தப் பைத்தியத்தில் விழுந்தேன். "அவங்க ஒரு நாள் நம்ம ஊருக்கு வருவாங்க பாரு. கடைசி வரிசையில நின்னாவது பாத்துடுவேன்" என்று நீங்கள் சொல்லும்போது மட்டும் அம்மாவும் நானும் சேர்ந்து சிரிப்போம்.

வந்தே விட்டார்கள். அதுவும் ஊருக்கு நடுவில் இல்லை, நம் பக்கத்திலேயே, பெரும்பாக்கம் தாண்டி சோழிங்கநல்லூர் போகிற வழியில் ஒரு திறந்த மைதானத்தில். நீங்கள் போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆன பிறகு. வந்ததுதான் வந்தார்கள், கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா?

இரண்டு டிக்கெட் வாங்கினேன். அலுவலகத் தோழி ஒருத்தி வருவதாகச் சொல்லியிருந்தாள். முந்தின நாள் அவள் குழந்தைக்குக் காய்ச்சல், வரவில்லை என்றுவிட்டாள். சரி, விட்டுவிடுவோம் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே நான் சொன்னேன். அம்மா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டிக்கெட்ட வீணாக்காத. நான் வரேன்."

"நீயா? அது உனக்குத் தகர டப்பா சத்தம்மா."

"இப்பவும் தகர டப்பா சத்தம்தான். அவருக்குப் பதிலா ஒரு ஆள் போய் நிக்கணும்ல."

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முழங்கால் இருக்கிற நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பதிலாக என்று சொன்ன பிறகு எப்படி மறுப்பது? கூட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போகவும் பயம், வேண்டாமென்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் பயம். நீங்கள் போனதிலிருந்து எனக்கு எல்லாமே பயம்தான். மதியம் அவள் கண்ணயர்ந்தால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறேன். சில நாள் அவள் கண்ணைத் திறக்காமலே "உயிரோடதான் இருக்கேன், போய் வேலையப் பாரு" என்பாள்.

நம் வீட்டு வாசல் சடங்கை நாங்கள் இன்னும் விடவில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன் அப்பா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது தாம்பரத்தில் ஒரு கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் தொலைந்துபோனேன். நான் அப்பாவைத் தேடி நடந்தேன், அப்பா என்னைத் தேடி நடந்தார், எங்கள் இருவரையும் தேடி அம்மா நடந்தாள். பந்தலைச் சுற்றி மூன்று பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக வட்டமடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம். அன்றைக்கு அப்பா ஒரு சட்டம் போட்டார். அதன் பிறகு எங்கே கிளம்பினாலும், வீட்டைப் பூட்டி, சின்னதாக ஒரு ஜெபம் பண்ணி, செருப்பை மாட்டுவதற்கு முன்னால் அப்பா கேட்பார்.

"தொலைஞ்சா?"

"நின்ன இடத்துல நிப்போம்" என்று நானும் அம்மாவும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

"யார் வருவா?"

"நீங்க வருவீங்க."

தாம்பரம் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனாலும் இதுதான். நான் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் இதுதான். கீழ்வீட்டுப் பிள்ளைகள் மாடிப்படியில் நின்று எங்களைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் அப்பா வருவார். தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகரில், ரயில்வே மேம்பாலத்தில், எங்கே நாங்கள் பிரிந்தாலும் நின்ற இடத்தில் நின்றால் போதும், கொஞ்ச நேரத்தில் தலைகளுக்கு மேலே ஒரு வெள்ளைக் கர்ச்சீப் அசைந்துகொண்டு வரும். உயரமான மனிதர், கையையும் தூக்கிக்கொண்டால் தெருக்கோடியிலிருந்தே தெரியும்.

கச்சேரி அன்றைக்கு அம்மா பாசிப்பச்சைப் பருத்திப் புடவை, வாக்கிங் ஷூ. எலுமிச்சைச் சாதம் கட்டிய டிபன் பாக்ஸை ஒரு துணிப்பையிலும், உங்கள் கறுப்பு டி-சர்ட்டை மடித்துக் கைப்பையிலும் வைத்துக்கொண்டாள். அதை எதற்கு எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டைப் பூட்டினாள், ஜெபம் பண்ணினாள், "தொலைஞ்சா?" என்றாள். "நின்ன இடத்துல நிப்போம்" என்றேன். கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதை நானும் கவனிக்கவில்லை.

மேடவாக்கம் தாண்டியதுமே வண்டி ஊர்ந்தது. எங்கே பார்த்தாலும் கறுப்புச் சட்டை. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஊரே கறுப்பு சட்டையா கீது? எதுனா கட்சி மீட்டிங்கா?"

"பாட்டுக் கச்சேரிப்பா" என்றாள் அம்மா.

"கச்சேரிக்கா இம்மாங் கூட்டம்? பேஜாரா கீதே. வண்டி இதுக்கு மேல போவாதும்மா, எறங்கி நடந்துடுங்க."

இறங்கி நடந்தோம். பெரும்பாக்கம் குடியிருப்பு மாடிகளில் துணிக்கொடிகளுக்குப் பின்னால் நின்று ஜனங்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவோ பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளை மாதிரி நடந்தாள். அத்தனை வருஷம் கணக்கு டீச்சராகப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனவள், தான் சுற்றுலா போய் எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் பெண்களின் பைகளைச் சோதித்தவள் ஒரு இளவயதுப் பெண். நீலச் சீருடை, கொண்டை, நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னாமா இது, டிபன் பாக்ஸா? உள்ள அலோ இல்லமா."

"சாப்பாடுதாம்மா. எலுமிச்ச சாதம்."

"எனக்குத் தெரியுதுமா. எங்க சூப்பர்வைசருக்குத் தெரியாதே."

"தூக்கி மட்டும் போட்றாத. அவருக்குப் பிடிக்கும்னு செஞ்சது."

அந்தப் பெண் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் பாக்ஸை எடுத்து மேசைக்கு அடியில் தன் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "போம்போது கேட்டு வாங்கிக்கமா. ரேவதின்னு கேளு, குடுப்பேன்" என்றாள்.

உள்ளே போன முதல் அரைமணி நேரம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உங்களிடம் இருக்கிற அதே மாதிரி டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர். தொப்பையும் நரையுமாக, பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு முதுகையும் பார்த்தேன். மைதானத்தின் நடுவில் இரும்புக் குழாய்களால் கட்டிய ஒரு டவர், அதில் விளக்குகளும் ஸ்பீக்கர்களும். அதைச் சுற்றி இடுப்புயரத் தடுப்பு. அம்மா அதில் சாய்ந்து நிற்க வசதியாக இருந்தது. முதலில் உள்ளூர்ப் பையன்கள் வாசித்தார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று என் தோளைத் தட்டினாள்.

"அவர் சொல்வாரே, அடியில ஓடுறதுன்னு. நெஞ்சுல இடிக்குதே, அதுவா?"

"அதுதாம்மா."

"ம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேடையைப் பார்த்தாள்.

ஆனால் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள் அப்பா. கைவீசி நடக்க இருந்த இடம் கையை மடக்கி நிற்கிற அளவுக்குச் சுருங்கியது. வெளியே போகிற வழி எது என்று திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த வழியே தெரியவில்லை. போய்விடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா கைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்தாள். வாசலில் எங்கள் தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் கடை சற்றுத் தள்ளி இருந்தது.

"இங்கயே இரும்மா. ஓடி வந்துடுறேன்."

"நான் எங்க போகப் போறேன்" என்றாள்.

சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு நான் திரும்பும்போது மேடையில் எல்லா விளக்கும் அணைந்தது. உங்க பசங்க வரப்போகிறார்கள் என்று அர்த்தம். மைதானம் முழுக்க ஒரே ஆரவாரம். டிக்கெட் இருந்தும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே ஓடி வந்திருக்கிறார்கள். இதெல்லாம் மறுநாள் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், என் கால் தரையில் இல்லை.

எப்படிச் சொல்வேன் அப்பா. நான் நடக்கவில்லை, என்னைக் கொண்டுபோனார்கள். ஒரு கை மேலேயும் ஒரு கை யாரோ ஒருவருடைய முதுகுக்கும் என் விலாவுக்கும் நடுவிலும் மாட்டிக்கொண்டது. மூச்சை வெளியே விட்டால் மறுபடியும் இழுக்க இடமில்லை. பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள், அந்த மூச்சில் புதினா மிட்டாய் வாசனை. "தள்ளாதீங்க, தள்ளாதீங்க" என்று ஒரு பெண் குரல் கத்திக்கொண்டே இருந்து, அப்புறம் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சரியாக அப்போது உங்க பசங்க வாசிக்கத் தொடங்கினார்கள். எங்களுக்கு நடந்தது மேடையிலிருந்து தெரிந்திருக்காது. முதல் கிதார் ஒலியிலேயே எனக்குப் பாட்டு தெரிந்தது. எத்தனை சனிக்கிழமை கேட்டது. அந்த நிமிஷம் அந்தப் பாட்டை நான் வெறுத்தேன்.

ஏதோ ஒரு தின்பண்டக் கடையின் கம்பத்தில் போய் மோதினேன். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டில் இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை. போனில் சிக்னல் இல்லை. டவர் எங்கோ தூரத்தில், தலைகளுக்கு மேலே அதன் உச்சி மட்டும் தெரிந்தது.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? நின்றேன்.

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது, எனக்கு அது மட்டும் நினைவிருக்கிறது. மனதுக்குள் ஒரு மூலையில் தைரியமாகவே இருந்தது. நின்ற இடத்தில்தானே நிற்கிறேன், சரியாகத்தானே செய்கிறேன் என்ற தைரியம். தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வெள்ளைக் கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா, நான் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்து வந்த பயத்தைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. நான் நிற்கிறேன் என்றால் அம்மாவும் நின்றுகொண்டிருப்பாள். எங்கேயும் போக மாட்டாள். நீங்கள் போட்ட சட்டத்தை அவள் ஒரு நாளும் மீறியதில்லை. கூட்டம் முழுவதும் அந்த டவர் பக்கம்தான் நெருக்கிக்கொண்டு போகிறது. அவள் அந்தத் தடுப்பில் சாய்ந்துகொண்டு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நகராமல் நின்றுகொண்டிருப்பாள். இரண்டு பேரும் நின்றால் யார் வருவது? இதை யோசிக்காமலேயே இரண்டு வருஷமாக நாங்கள் வாசலில் நின்று பாதிச் சட்டத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கம்பத்தை விட வேண்டும். கை வரவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, விட முடியவில்லை. "ஆண்டவரே, அம்மாவையும் எடுத்துக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பாஸ்டர் மெச்சுகிற ஜெபம் இல்லை அது. அப்புறம் எப்படியோ விட்டேன்.

மைதானத்தின் ஓரமாகவே போனேன். இடிபட்டு, திட்டு வாங்கி, யார் யாருடைய சட்டையையோ பிடித்துக்கொண்டு. எதிரே ஒரு கல்லூரிப் பையன் தன் நண்பனைத் தாங்கிக்கொண்டு வந்தான்.

"தம்பி, அந்த டவர் பக்கம் போகணும்."

"அங்க போகாதீங்க ஆன்ட்டி. தடுப்பு விழுந்துடுச்சு. நிறைய பேர் கீழ விழுந்துட்டாங்க."

அந்தப் பையன் சொன்னதைக் கேட்ட பிறகு டவர்வரை நான் எப்படி நடந்தேன் என்பது எனக்கு நினைவே இல்லை. போனபோது கூட்டத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தார்கள். தடுப்பு சாய்ந்து கிடந்தது. அதன்மேலும் அதைச் சுற்றியும் செருப்புகள், ஷூக்கள், ஒரு மூக்குக்கண்ணாடி. பாசிப்பச்சை எங்கேயும் இல்லை. "அம்மா" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அப்போது டவரின் குழாய்களுக்கு நடுவிலிருந்து ஒரு நீலச் சட்டைக் கை அசைந்தது. ரேவதி.

வாசலில் இருந்தவர்களையும் நெரிசலை அடக்க உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். குனிந்து உள்ளே நுழைந்தேன். ரேவதி கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் குழாயில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் டவருக்கும் நடுவில் அம்மா. தலை கலைந்து, புடவைத் தலைப்பு கிழிந்து, ஒரு குழாயை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கண்ணை இமைக்காமல் கூட்டத்துக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கதான இவங்க பொண்ணு?" என்றாள் ரேவதி. குரல் கம்மிப் போயிருந்தது. "வெளிய கூட்டினு போலாம்னா வர மாட்டேன்றாங்கக்கா. இழுத்துப் பாத்தேன், புடிச்ச கம்பிய வுட மாட்டேன்றாங்க. அவர் வந்து என்னை இங்கதான் தேடுவாரு, நான் நகரக் கூடாதுன்னு சொல்லிகினே கீறாங்க. அதான் உள்ள தள்ளி மறைச்சிகினு நின்னுட்டேன். உங்கப்பா எந்தப் பக்கம் போனாரு? இன்னா சட்டைன்னு கேட்டா கறுப்பு டி-சர்ட்டுன்றாங்க. இங்க எல்லாருமே கறுப்பு சட்டை. நான் யாரைன்னு தேட்றது?"

அந்தக் கறுப்பு டி-சர்ட் அம்மாவின் கைப்பைக்குள்தான் மடித்தபடி இருந்தது.

"அப்பா இல்ல ரேவதி. தவறி ரெண்டு வருஷம் ஆச்சு."

ரேவதி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "சரிக்கா. மொதல்ல அம்மாவ வெளிய கூட்டினு போலாம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

குழாயைப் பிடித்திருந்த அம்மாவின் கைமேல் என் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. மாத்திரை இன்னும் உள்ளங்கையில் இருந்தது, வியர்வையில் கரைந்து.

"அம்மா, நான் வந்துட்டேன்."

என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவர்?"

அந்த ஒரு வார்த்தைதான். அப்பா, அன்றைக்கு நெரிசலில்கூட எனக்கு அப்படி மூச்சு முட்டவில்லை.

"நான்தாம்மா வந்திருக்கேன். நான் வந்தா போதாதா?"

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழாயிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரேவதி முன்னால் வழிவிலக்கிக்கொண்டே போக, நாங்கள் பின்னால் போனோம்.

யாரும் சாகவில்லை என்று மறுநாள் தெரிந்தது. பலருக்குக் கை கால் முறிவு. 'தள்ளாதீங்க' என்று கத்திய அந்தப் பெண்ணும் எங்கேயோ பத்திரமாக இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

முதலுதவிக் கூடாரத்துக்குப் பின்னால் புல்தரையில் எங்களை உட்கார வைத்தார்கள். அம்மாவின் பிரஷரைப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். அங்கிருந்து மேடை தெரியாது, தகரச் சுவர்தான் தெரியும். ரேவதி போய் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்தாள். அம்மா அவளையும் உட்காரச் சொல்லி மூடியில் வைத்துக் கொடுத்தாள். நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா கீதுமா" என்று சொல்லிவிட்டு ரேவதி மறுபடியும் கூட்டத்துக்குள் ஓடினாள். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம்.

நிகழ்ச்சியை நிறுத்தினால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடுவார்கள் என்று பயந்து மெதுவான பாட்டுகளாக வாசித்துக்கொண்டிருந்தார்களாம். அதில் உங்கள் பாட்டும் வந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத கிதாரை வயிற்றில் வைத்து வாசிப்பீர்களே, அது. அம்மா காதில் பஞ்சு இல்லை, எங்கேயோ விழுந்துவிட்டது. தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இங்க வரைக்கும் ஓடுது" என்றாள்.

பாட்டு முடிந்தது. அப்புறம், "நான் அங்க என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"பொய் சொல்லாத. உங்கப்பா எங்கேன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சே." டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள். "பயத்துல வந்துடுச்சு பியூலா. வேற ஒண்ணும் இல்ல."

கைப்பையைத் திறந்து டி-சர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழப் பயந்து தகரச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கர்ச்சீப்பைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே வருவீர்கள். "எங்கடா போயிட்டீங்க ரெண்டு பேரும்" என்று கேலி பண்ணுவீர்கள். எங்களைப் பார்ப்பதற்கு முந்தின நிமிஷம்வரை உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கம்பத்திலிருந்து டவர்வரை நான் நடந்த மாதிரிதான் ஒவ்வொரு தடவையும் நடந்தீர்களா? நிற்கிறவர்களுக்குத் தைரியம் இருக்கட்டும், பயப்படுகிற வேலையை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அப்படி ஒரு சட்டம் போட்டீர்களா? இருக்கும்போது கேட்கத் தோன்றவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பினோம். அதற்கு முந்தின ஞாயிறு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன், சர்ச் வாசல் கூட்டத்தை நினைத்தாலே வியர்த்தது. இந்தத் தடவை அம்மா விடவில்லை. வீட்டைப் பூட்டினாள். ஜெபம் பண்ணினாள்.

"தொலைஞ்சா?"

"நின்ன இடத்துல நிப்போம்."

அதோடு நிறுத்திவிடுவாள் என்று நினைத்துச் செருப்பை மாட்டக் குனிந்தேன். அவள் நகரவில்லை. சாவியைக் கைப்பைக்குள் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யார் வருவா?"

மாடிப்படியில் யாரும் இல்லை. கீழ்வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் இத்தனை வருஷம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்த கேள்வி, பதில் சொல்லும்போது எவ்வளவு கனக்கிறது.

"நான் வருவேன்."

அம்மா தலையாட்டினாள். படியிறங்க ஒரு காலை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கர்ச்சீப் எடுத்துக்கிட்டியா?"

எடுத்துக்கொண்டிருந்தேன். உங்களுடையது, ஓரத்தில் நீலக் கோடு போட்ட வெள்ளை. அது இல்லாமல் நான் இப்போது வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

அம்மா எங்கே நின்றாலும் நான் தேடிப் போவேன். பயந்துகொண்டுதான் போவேன், ஆனால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. நீங்களும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள் அப்பா. எங்களைத் தேடிக்கொண்டு எங்கேயும் அலைய வேண்டாம். எனக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது, மெதுவாகத்தான் வருவேன். எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டே இருங்கள், கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் நான்தான்.

உங்கள் மகள்,
பியூலா